எடை மேடையின் பின்விளிம்பு

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அமெரிக்கக் கால்பந்து அணியின் முன்வரிசை ஆட்டக்காரர்கள் எடை பார்க்க நிற்க வேண்டும். ஆடுகளத்தில் எந்த வரிசையோ அதே வரிசைதான் இங்கேயும். முதலில் இடது ஓரத்தில் நிற்கும் டேக்கிள், ஓடெல் பெட்டிகுரூ. அவனுக்குப் பின்னால் டேக்கிளை ஒட்டி நிற்கும் இடது கார்டு, ஹார்லன் க்ரவுஸ். அவனுக்குப் பின்னால் நடுவில் நின்று பந்தைப் பின்னுக்குக் கொடுக்கிற சயா. மற்றவர்கள் அதற்கும் பின்னால். இப்படித்தான் நிற்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு வாரம் மாற்றி நின்றார்கள், அந்த வாரம் தோற்றார்கள், அதோடு சரி.

எடை மேடை என்பது தரையோடு தரையாகக் கிடக்கும் அகலமான இரும்புத் தட்டு. முன்னால் ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் சிவப்பு எண்கள். கம்பத்துக்கு அந்தப் பக்கம் நார்ம் என்ற கிழவர் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். மேடையில் ஏறுகிறவன் முன்னூறு பவுண்டு ஆள். அவன் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தாலும் நார்முக்குத் தெரியாது.

மில்வாக்கி அணியின் முன்வரிசைக்கு இது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். எடை கூடிப்போனவனைப் பின்னால் நிற்பவன் இடுப்பு நாடாவில் இரண்டு விரலை விட்டு லேசாகத் தூக்குவான். நாலு பவுண்டு மறையும். எடை குறைந்தவனுக்கு, தட்டின் பின்விளிம்பில் கால் விரலை வைத்து அழுத்துவான். இரண்டாவது வித்தை அபூர்வமாகத்தான் தேவைப்படும். இந்தத் தொழிலில் இளைக்கிறவர்கள் குறைவு.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு செப்டம்பர் கடைசியில் ஓடெல் முதல் தடவையாகக் கேட்டான்.

"ஒரு விரல் போதும் பால்காரா. வயித்துக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான்."

ஹார்லனின் அப்பா வடக்கே ஐம்பது மாடு வைத்துப் பால் கறந்தவர். அலபாமாவிலிருந்து வந்த ஓடெலுக்கு அதுவே காலத்துக்கும் போதுமான கிண்டல். ஹார்லன் பெருவிரலை வைத்தான். எண் ஏறியது. முன்னூற்றுப் பதினாறு வந்ததும் ஓடெல் லேசாக இருமினான். போதும் என்று அதற்கு அர்த்தம். நார்ம் எழுதிக்கொண்டார். ஹார்லன் மேடையேறியபோது சயா பின்னாலிருந்து தூக்கிவிட்டு, இன்னும் ஒரு வாரம் இப்படித் தின்றால் தூக்குவதற்குக் கிரேன் கொண்டுவர வேண்டும் என்று காதோரம் முணுமுணுத்தான்.

அக்டோபர் இரண்டாம் வாரம் ஒரு விரல் போதவில்லை. ஐந்து விரல்களும் தேவைப்பட்டன. மூன்றாம் வாரம் பாதத்தின் முன்பாதி. நவம்பர் முதல் வெள்ளியன்று ஹார்லன் முழுப் பாதத்தையும் தட்டில் வைத்து, முழங்காலை இறுக்கி அழுத்தியபோதுதான் அந்த இருமல் வந்தது. தன் காலிலிருந்து எவ்வளவு எடை போகிறது என்பது ஹார்லனுக்குச் சரியாகத் தெரியவில்லை. இருபத்தைந்து இருக்கலாம். முப்பதும் இருக்கலாம். தெரிந்துகொள்ளவும் அவன் விரும்பவில்லை. அன்று காலுறையை மாட்டும்போது உள்ளங்காலில் அந்த இரும்பு விளிம்பு ஒரு கோடாகப் பதிந்திருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்வரிசைப் பயிற்சியாளர் ராஸ்முசனுக்கு ஒரே ஒரு சட்டம்தான். முன்னூற்றைந்துக்குக் கீழே போனவன் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆடமாட்டான்.

ஓடெலுக்கு ஒரு ஞாயிறு தவறுவது என்ன கணக்கு என்று முன்வரிசை முழுவதும் அறியும். கல்லூரி முடிந்ததும் அவனை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு அணி கோடையில் சேர்த்துக்கொண்டு, பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள் கழற்றிவிட்டது. இன்னொரு அணி பயிற்சியில் அடிவாங்க மட்டும் ஒரு வருஷம் வைத்திருந்தது. மூன்றாம் வருஷம், மில்வாக்கியில் இரண்டு டேக்கிள்கள் ஒரே வாரத்தில் முழங்காலை உடைத்துக்கொண்டபோது, கடைசி நாலு ஆட்டங்களுக்கு அவனை இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவன் வெளியே உட்காரவே இல்லை. நவம்பர் பாதியோடு, தொடர்ச்சியாகத் தொண்ணூற்று நாலு ஆட்டம். அதற்குப் பிறகு இந்தப் பருவத்தில் இன்னும் ஆறு பாக்கி. கடைசி ஆட்டத்தோடு நூறு.

நூறுக்குக் கோப்பை எதுவும் கிடையாது. பத்திரிகையில் இரண்டு வரி வரலாம். தன்னைக் கழற்றிவிட்டவர்கள் அந்த இரண்டு வரியைப் படித்தால் போதும் என்று ஓடெல் சொல்வான்.

உடம்பில் வேறு எது வந்தாலும் முன்வரிசைக்காரர்களிடம் ஒரே பதில்தான் இருந்தது: ஜனவரியில பாத்துக்கலாம். பருவம் முடிகிற மாதம் அது. சயாவின் இடது தோள் ஜனவரிக்குக் காத்திருந்தது. ஹார்லனின் கடைவாய்ப்பல் காத்திருந்தது. வலது டேக்கிளின் விவாகரத்துகூட ஜனவரிக்குத்தான் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. அதனால் ஓடெல் தன் வயிற்றைப் பற்றி அப்படிச் சொன்னபோது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

ஹார்லனுக்கும் முதலில் படவில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில்தான் உறுத்தத் தொடங்கியது.

எடை பார்த்த அன்று மாலை முன்வரிசை மொத்தமும் கின்னிகின்னிக் தெருவில் ஒரு மதுக்கடையில் கூடும். மாவில் தோய்த்துப் பொரித்த பெர்ச் மீன், உருளைக்கிழங்கு அடை, முட்டைக்கோஸ், ரொட்டி. தட்டு காலியாகக் காலியாக வந்துகொண்டே இருக்கும். ஓடெல் ஹார்லனின் இடதுபக்கம் உட்காருவான். கதை சொல்லிக்கொண்டே, சிரிக்க வைத்துக்கொண்டே, தன் மீனை ஒவ்வொன்றாக ஹார்லனின் தட்டுக்கு நகர்த்துவான். ஹார்லன் பேச்சு சுவாரசியத்தில் தின்றுவிடுவான். செப்டம்பரிலிருந்து தனக்குப் பதினோரு பவுண்டு ஏறியிருப்பதற்குக் காரணம் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தவன், ஒரு வெள்ளிக்கிழமை தன் தட்டில் கிடந்த முள்ளையும் ஓடெலின் தட்டையும் பார்த்தான். அதில் ஒரு முள்கூட இல்லை.

அதுகூடப் பரவாயில்லை என்று தோன்றியது. சாப்பிடாதவன் இளைப்பான், அதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் அணியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஓடெல் ஆறு முட்டையும் கஞ்சியும் சாப்பிடுவதை ஹார்லன் தினமும் பார்த்தான். மதியமும் சாப்பிட்டான். மாலையில்தான் முடியவில்லை. தின்றும் தேய்கிற மாட்டை ஹார்லனுக்குத் தெரியும். அப்பா அதன் முதுகெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பார். பிறகு வீட்டுக்குள் போய் மாட்டு வைத்தியரைத் தொலைபேசியில் கூப்பிடுவார். சில தடவை கூப்பிட்டது பிந்திவிடும்.

களத்தில் ஒளிக்க முடியாது. இரண்டு பேர் சேர்ந்து எதிராளி ஒருவனைத் தள்ளும்போது, இடுப்போடு இடுப்பு இடித்து ஒரே ஆளாக வேண்டும். ஆறு வருஷமாக ஹார்லனின் இடது இடுப்பு ஒரு சுவரில் போய் மோதிக்கொண்டிருந்தது. இப்போது அது தாழ்ப்பாள் இல்லாத கதவில் மோதுவதுபோல் இருந்தது. இடித்தால் அந்தப் பக்கம் நகர்ந்தது. இடுப்பெலும்பு தட்டுப்பட்டது. குளிருக்கு என்று சொல்லி ஓடெல் கவசத்துக்குள் இரண்டு சட்டை போட்டான். பிறகு மூன்று.

நவம்பர் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் கால்பகுதியில் எதிரணியில் ஓரத்திலிருந்து பாயும் முரடன் ஒருவன் ஓடெலின் மார்பில் இரண்டு கைகளையும் வைத்து நேராகப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். சுற்றி வரவில்லை, ஏமாற்றவில்லை. சாமான் வண்டியைத் தள்ளுவதுபோல் தள்ளினான். முன்வரிசை காக்க வேண்டிய பந்தெறிவாளன் ப்ரைஸ், எறியக் கையை ஓங்கியபடியே முதுகில் அடி வாங்கி விழுந்தான். விலாவைப் பிடித்துக்கொண்டு புல்லில் கிடந்த அவனைச் சுற்றி நின்றபோது ஹார்லன் ஓடெலைப் பார்த்தான். தலைக்கவசத்தின் கம்பிகளுக்குள் அவன் முகம் நனைந்து வழிந்தது. அன்று வெளியே உறைபனி.

திங்கட்கிழமை இருட்டறையில் ராஸ்முசன் அந்த ஆட்டத்தைத் திரையில் ஓட்டினார். ஒன்பது தடவை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுச் சொன்னார்:

"க்ரவுஸ், நீ எங்க பாத்துக்கிட்டிருந்த? ஓடெல் முன்னூத்திப் பதினாறு. அவனை யாரும் சும்மா தள்ளிட முடியாது. உன் உதவி போய்ச் சேரல, அதான்."

"ஆமா கோச். என் தப்புதான்."

இருட்டில் பக்கத்து நாற்காலியிலிருந்து ஓடெலின் கை வந்து ஹார்லனின் முழங்கையை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனது. நன்றி. அந்தக் கை சூடாக இருந்தது, காய்ச்சல் சூடு.  நார்மின் அட்டையில் இருக்கிற பொய்யான எண்ணை வைத்துத்தான் கோச் எல்லாவற்றையும் யோசிக்கிறார். அணியின் வைத்தியரும் அந்த அட்டையைத்தான் பார்க்கிறார். அந்த எண்ணை எழுதியது நார்ம் இல்லை. இந்தக் கால்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்து ஓடெலின் தோள்கவசம் மாட்டிக்கொண்டது. நாடாவில் முடிச்சு. உதவச் சொல்லிக் கூப்பிட்டான். ஹார்லன் இழுத்தபோது மூன்று சட்டைகளும் சேர்ந்து தலைவழியே வந்துவிட்டன. ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரம்தான். விலா எலும்புகளை எண்ணலாம். கழுத்து எலும்புக்கு மேலே, இடதுபக்கம், ஒரு வீக்கம். முட்டையில் பாதி அளவு.

ஓடெல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"கவசம் உரசுது. கொழுப்புக் கட்டி."

"எப்பலேர்ந்து இருக்கு?"

"உரச ஆரம்பிச்சதுலேர்ந்து."

பிறகு இருவரும் வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தார்கள். ஏரிக்காற்று முகத்தை அறுத்தது. ஓடெல் தன் வண்டியின் கதவைத் திறக்காமல் அதில் சாய்ந்து நின்றான். வைத்தியரிடம் காட்டினாயா என்று ஹார்லன் கேட்டான். 

 ஓடெல் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். லாரி ஓட்டியவர். அக்டோபரில் ஒரு நாள், கழுத்து வீங்கியிருக்கிறது என்று மருத்துவமனைக்கு நடந்தே போனார். நல்லாத்தான் இருந்தார், அன்று காலைகூட டயர் மாற்றினார். உள்ளே போனவரை அவர்கள் திருப்பித் தரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் புதைத்தார்கள்.

"போகாம இருந்திருந்தா அந்த வருஷம் முழுக்க லாரி ஓட்டியிருப்பாரு," என்றான். "எனக்கு ஆறு ஆட்டம் வேணும். அதுக்கப்புறம் அவங்க என்ன வேணா வெட்டட்டும். நாளைக்கு உன் வெயிட்டைக் கொஞ்சம் கூடவே போடு பால்காரா. பாதம் மட்டும் பத்தாது."

ஹார்லன் சரி என்றான். 

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவன் இரண்டு பக்கமும் யோசித்தான். சொன்னால் ஓடெலின் நூறு போகும். முன்னூற்றைந்து இல்லாத டேக்கிள், முப்பத்தொரு வயது. ஒரு ஞாயிறு வெளியே உட்கார்ந்தால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. முன்வரிசையில் ஒருவனைக் காட்டிக்கொடுத்தவனுக்கு இன்னொருவன் இடுப்பைக் கொடுக்கமாட்டான். சொல்லாவிட்டால்? அந்த இடத்தில் யோசனை நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்து, அதற்கு மேல் போகப் பயந்து நின்றது. ஜனவரி என்ற சொல் இத்தனை வருஷமாக எவ்வளவு ஆறுதலாக இருந்தது. இப்போது அதை நினைத்தாலே, அந்த மாதத்தில் ஓடெல் இல்லாத ஒரு நாற்காலி தெரிந்தது.

வெள்ளிக்கிழமை. எட்டு மணி. அதே வரிசை.

ஓடெல் வீட்டிலிருந்தே தண்ணீர் குடித்துக்கொண்டு வந்திருந்தான். வயிறு மத்தளம்போல் இருந்தது. ஆனாலும் தோள்களுக்குக் கீழே சட்டை தொங்கியது. நார்ம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குளத்தில் ஐஸ் பிடித்துவிட்டதா, மீன் பிடிக்கப் போகலாமா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். ஓடெல் மேடையில் ஏறினான். ஹார்லன் நெருங்கி நின்று வலது காலைத் தட்டில் வைத்தான். பழக்கம். கால் தானாகவே போனது. முழங்காலை இறுக்கி உடம்பின் பாரத்தை அதில் சாய்த்தான். ஓடெலின் தோளுக்கு மேலாகச் சிவப்பு எண்கள் ஏறுவது தெரிந்தது. இருநூற்றுத் தொண்ணூறு. முன்னூற்று இரண்டு. முன்னூற்றுப் பதினொன்று.

முகத்துக்கு நேரே ஓடெலின் பிடரி. முடி வெட்டிய இடத்தில் தோல் சாம்பல் நிறமாக இருந்தது. காதுக்குப் பின்னால் வேர்வை. அவன் தொண்டை இருமுவதற்குத் தயாராகி அசைந்தது.

நார்ம் பேனாவைத் தூக்கினார்.

ஹார்லன் காலை எடுத்தான்.

எண்கள் கொட்டின. முன்னூறு, இருநூற்றுத் தொண்ணூறு. கடைசியில் இருநூற்று எண்பத்து மூன்றில் நடுங்கி நின்றது. நார்ம் பேனாவைப் பிடித்தபடியே பார்த்தார்.

"ஹார்லன்," என்றான் ஓடெல், திரும்பாமல், உதடு அசையாமல். "கால்."

"இல்ல."

"கால வைடா."

"மாட்டேன், ஓடெல்."

பின்னால் நின்ற சயா என்ன நினைத்தானோ, ஹார்லனுக்குக் கால் வழுக்கிவிட்டது என்றுதான் நினைத்திருப்பான். வரிசையில் ஒருவன் தவறவிட்டதை அடுத்தவன் பிடிக்க வேண்டும். பதினைந்து வயதிலிருந்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். ஹார்லனின் காலைத் தாண்டி சயாவின் பெரிய பாதம் தட்டை நோக்கி நீண்டது. ஹார்லன் அதன்மேல் தன் பாதத்தை வைத்து மிதித்துத் தரையோடு பிடித்துக்கொண்டான். சயா வலியில் மூச்சை இழுத்தான். இருவரும் அப்படியே நின்றார்கள். கால் வழுக்கவில்லை, வேண்டுமென்றே எடுத்தது என்று சயாவுக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். அவன் பாதத்தை இழுக்கவில்லை.

"மிஷின் ரிட்டயர் ஆயிடுச்சு நார்ம், உங்களுக்கு முன்னாடி," என்று கடைசியிலிருந்து யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நார்ம் ஓடெலை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறினார். நூற்று எழுபத்திரண்டு. இறங்கினார். அவர் எடை அதுதான் என்றார். ஓடெலை மறுபடி ஏறச் சொன்னார். அவன் ஏறினான். இப்போது யாரும் அவனுக்கு அருகில் நிற்கவில்லை. ஹார்லன் ஓரடி பின்னால் நகர்ந்திருந்தான். இருநூற்று எண்பத்து மூன்று. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். நார்ம் எழுதவில்லை. அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து, வைத்தியரின் அறையை நோக்கி, அந்த வயதில் ஓடக்கூடிய அளவுக்கு ஓடினார்.

ஓடெல் மேடையிலேயே நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை மதுக்கடையில் ஹார்லனின் இடதுபக்கம் யாரும் உட்காரவில்லை. சயா எதிரே உட்கார்ந்து வீங்கிய கால் கட்டைவிரலை மேசைக்கு அடியில் தேய்த்துக்கொண்டிருந்தான். எத்தனை பவுண்டு போட்டுக்கொண்டிருந்தாய் என்று ஒரு தடவை கேட்டான். முப்பத்து மூன்று என்றான் ஹார்லன். சயா தலையசைத்தான்.  ஹார்லனின் தட்டில் மீன் ஆறியது.

சனிக்கிழமை காலை அவன் ஓடெலின் வீட்டுக்குப் போனான். மனைவி கமீல் கதவைத் திறந்தாள். அவள் கண்கள் தூங்கியவையாக இல்லை. ஹார்லன் சொல்லவந்த எதையும் அவள் சொல்லவிடவில்லை. சட்டைகளைத் துவைத்தவள் நான், எனக்குத் தெரியாதா, நானும் ஜனவரி ஜனவரி என்று இருந்துவிட்டேன் என்றாள். சமையலறையைக் காட்டினாள்.

ஓடெல் ஒரே ஒரு பனியனோடு மேசையருகே உட்கார்ந்திருந்தான். ஒளிக்க இனி எதுவும் இல்லாததால் அவன் இன்னும் சின்னவனாகத் தெரிந்தான். செவ்வாய்க்கிழமை கட்டியில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். ஜனவரி வரை பொறுக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேட்டானாம்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. என் மூஞ்சியப் பாத்துட்டு, செவ்வாய்க்கிழமை காலைல வாங்கன்னாரு."

குளிர்பதனப் பெட்டி உறுமி நின்றது. 

"தொண்ணூத்தி நாலு," என்றான் ஓடெல்.

"தெரியும்."

"உன்னை நான் மன்னிக்கல, பால்காரா."

"சரி."

"ஜனவரியில வேணா பாக்கலாம்." சிரிக்க முயன்றான். பாதியில் முகம் கோணிக்கொண்டது. மேசைமேல் இருந்த தன் கையைப் பார்த்தபடியே, சின்னக் குரலில் சொன்னான்: "செவ்வாய்க்கிழமை நீ வா. கமீல் வருவா. நீயும் வா. அந்தக் கதவுக்குள்ள எங்கப்பா தனியாத்தான் போனாரு."

ஞாயிற்றுக்கிழமை ஹார்லனின் இடதுபக்கம் இருபத்திரண்டு வயது புதியவன் நின்றான். இடித்தபோது சுவர்போல் இருந்தான். வென்றார்கள். ஹார்லனுக்கு அந்த ஆட்டத்தில் எதுவும் நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு நாள். மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் ஒரு செவிலிப் பெண் ஓடெலின் பெயரைக் கூப்பிட்டாள். நடைபாதையின் ஓரத்தில் ஒரு எடை மேடை இருந்தது. சின்னது, ரப்பர் விரித்தது. அவள் ஓடெலின் மார்பு உயரம்தான் இருந்தாள்.

"ஏறி நில்லுங்க சார். எடை பாத்துட்டு உள்ள போயிடலாம்."

ஓடெல் அசையவில்லை. அவன் கை கமீலின் கையைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுக்கும் அளவுக்குப் பிடித்திருந்தான். பிறகு விட்டான். தலையைச் சற்றுத் திருப்பி, ஹார்லன் எங்கே என்று பார்த்தான்.

ஹார்லன் வந்து அவனுக்குப் பின்னால், ஆறு வருஷமாக நிற்கிற இடத்தில், நின்றான்.

ஓடெல் ஏறினான். எண்கள் ஓடத் தொடங்கின. ஹார்லன் அவற்றைப் பார்க்கவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தான். இரண்டும் தரையில் இருந்தன.

"இருநூத்தி எழுபத்தொம்போது," என்று அந்தப் பெண் சொல்லி, எழுதிக்கொண்டாள்.